சங்கராவின் கண்ணும் அம்மாவின் மிச்ச மருந்தும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், எங்கள் பூனையின் கண்ணை நான்தான் கெடுத்தேன்.

பூனையின் பேர் சங்கரா. பக்தியெல்லாம் இல்லை. கடலூர் முதுநகர் மீன் மார்க்கெட் பக்கத்திலிருந்து தூக்கி வந்த குட்டி, சங்கரா மீன் நிறத்தில் இருந்ததால் அந்தப் பேர், எதிர்வீட்டு மாமிக்கு மட்டும் காரணத்தைச் சொல்லவில்லை. போன ஆவணியில் ஒருநாள் ராத்திரி மதில் மேல் வேறொரு பூனையோடு சண்டை போட்டுவிட்டு வந்தான். காலையில் பார்த்தால் இடது கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் திறக்கிறான், தண்ணீர் வழிகிறது, ஓரத்தில் கொஞ்சம் பீளை. ஞாயிற்றுக்கிழமை வேறு, டாக்டர் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி விடச் சொன்னார். அம்மா தாய்ப்பால் கிடைக்குமா என்று யோசித்தார் (பூனைக்காகத் தாய்ப்பால் கேட்டு மஞ்சக்குப்பத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?). நான் படித்தவள் ஆயிற்றே, இரண்டையும் சிரித்து ஒதுக்கிவிட்டு அதைவிட மோசமான காரியத்தைச் செய்தேன்.

ஃப்ரிட்ஜ் கதவில் அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்து பாதி பாட்டில் மிச்சம் இருந்தது. முதல் வாரம் நாளைக்கு 6 தடவை, அடுத்த வாரம் 5, அதற்கடுத்த வாரம் 4 என்று குறைத்துக்கொண்டே போய் 6 வாரம் அம்மாவுக்குச் சொட்டு விட்ட கை என்னுடையது. எனக்குத் தெரியாததா என்ற எண்ணம். பூனையைத் தரையில் அமுக்கி, நேருக்கு நேர் பாட்டிலை நீட்டி, கையில் நாலு கீறல் வாங்கிக்கொண்டு எப்படியோ விட்டேன். சாயங்காலம் சிவப்பு குறைந்திருந்தது. எனக்கு ஒரே பெருமை.

செவ்வாய்க்கிழமை கண்ணில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு மங்கல்.

டாக்டர் மேடம் முதலில் மேஜை விளக்கை அணைத்தார். ஆரஞ்சு நிறத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை நனைத்துக் கண்ணோரத்தில் தொட்டார், நீல வெளிச்சம் அடித்தார், கருவிழியின் மேல் பச்சையாக ஒரு திட்டு மின்னியது. நகம் பட்ட இடம், புண். ஃப்ளோரசின் என்கிற அந்தச் சாயம் நல்ல படலத்தில் ஒட்டாதாம், தோல் உரிந்த இடத்தில் மட்டும் ஒட்டுமாம். "வீட்ல ஏதாவது விட்டீங்களாம்மா?" என்று கேட்டார். பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினேன். லேபிளைத் திருப்பிப் பார்த்தவர், "இதுல டெக்ஸாமெத்தசோன் இருக்கும்மா, ஸ்டீராய்டு. புண்ணு இருக்கற கண்ணுல இத விட்டா ஆற விடாது, இன்னும் ஆழமாக்கும்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சிவப்பு குறைந்ததற்குக் காரணமும் அதே ஸ்டீராய்டுதான். அது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கிக் காட்டும், உள்ளே புண் பாட்டுக்குப் பெரிதாகிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு அது சரியான மருந்து, அவர் கண்ணில் ஆபரேஷனுக்குப் பிறகான வீக்கத்தைக் குறைக்கக் கொடுத்தது. பூனைகளுக்கு ஹெர்பிஸ் வகை வைரஸால் வரும் கண் நோயும் சர்வசாதாரணம், அதிலும் ஸ்டீராய்டு போனால் சிக்கல். ஆக, சாயம் போட்டுப் பார்க்காமல் ஸ்டீராய்டு கலந்த எதையும் விடக்கூடாது, ஆன்டிபயாடிக் பேர் பெரிதாகவும் அதோடு சேர்ந்த ஸ்டீராய்டு பேர் பொடி எழுத்திலும் இருக்கும் பாட்டில்கள் நம் எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜிலும் இருக்கின்றன, ஒரு தடவை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

ஒரு ஆன்டிபயாடிக் சொட்டு 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலிக்கு அட்ரோபின் சொட்டு, கண்ணைக் கீறிக்கொள்ளாமல் இருக்கக் கழுத்தில் கோன் என்கிற கூம்புப் பட்டை. இவ்வளவுதான் சீட்டு. கோன் மாட்டியதும் சங்கரா முன்னால் நடப்பதையே மறந்துவிட்டான், வீடு முழுக்கப் பின்னோக்கியே நடந்து போய் பீரோவில் முட்டி நின்றான். அதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. பயந்த பூனை பின்னால்தான் போகிறது. நான் முன்னால் உட்கார்ந்துகொண்டு அது தப்பிக்கிற பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன், போதாததற்கு மூக்குக்கு நேரே பாட்டிலை வேறு காட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் டாக்டர் காட்டிய மாதிரி செய்தேன். வஜ்ராசனத்தில் உட்கார வேண்டும். குதிகாலைக் கொஞ்சம் அகட்டிக்கொண்டு, பூனையின் பின்புறம் நம் பக்கம் இருக்கும்படி இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி பின்னால் போனாலும் நம் வயிற்றில்தான் முட்டும். நகம் பயமாக இருந்தால் பழைய துண்டால் கழுத்து வரை சுற்றிவிடலாம், சோமாஸ் மாதிரி. இடது கையால் தாடையை ஏந்தி முகத்தைக் கூரையைப் பார்க்கத் தூக்கி, அதே கைக் கட்டைவிரலால் கீழ் இமையை லேசாக இழுத்தால் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி வரும். வலது கையில் பாட்டில். உள்ளங்கையின் அடிப்பாகத்தை அதன் உச்சந்தலையில் ஊன்றிக்கொள்ள வேண்டும், இதுதான் முக்கியம், தலை ஆடினால் கையும் சேர்ந்து ஆடும், கண்ணில் குத்தாது. பாட்டில் தலைக்குப் பின்னாலிருந்து, நெற்றிக்கு மேலாக வருவதால் அதற்குத் தெரியவே தெரியாது. முனை கண்ணில் படாமல் ஒரு விரற்கடை உயரத்திலிருந்து ஒரு சொட்டு. பட்டுவிட்டால் கண்ணுக்கும் கேடு, பாட்டிலுக்குள்ளும் கிருமி போகும்.

ஒரே ஒரு சொட்டுதான். நான் 'இருக்கட்டும்' என்று இரண்டு மூன்று விடுவேன். கண் ஒரு முழுச் சொட்டைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளாது, மீதி கன்னத்தில்தான் வழியும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிடமாவது இடைவெளி வேண்டும் என்பதும் இதனால்தான், அடுத்தடுத்து விட்டால் இரண்டாவது வந்து முதலாவதைக் கழுவித் தள்ளிவிடும். களிம்பும் இருந்தால் அது கடைசியில், களிம்பு பூசிய கண்ணுக்குள் சொட்டு இறங்காது. பீளை காய்ந்து ஒட்டியிருந்தால் கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடைத்துவிட்டுத்தான் மருந்து.

முதல் நாள் ராத்திரி அட்ரோபின் விட்ட இரண்டாவது நிமிடம் சங்கரா வாயில் நுரை தள்ள ஆரம்பித்தான். நுரை என்றால் சோப்பு நுரை மாதிரி. அம்மா "ஏண்டி, கண்ணு மருந்தா வாய் மருந்தா பார்த்து விட்டியா?" என்று கத்துகிறார், எனக்குக் கை நடுங்குகிறது, பத்து மணிக்கு டாக்டருக்குப் போன். அவர் நிதானமாகச் சொன்னார், கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய் இருக்கிறது, அது வழியாக மருந்து தொண்டைக்கு இறங்குகிறது, அட்ரோபின் கடும் கசப்பு, கசப்புக்குப் பூனை அப்படித்தான் எச்சில் விடும். யோசித்துப் பார்த்தால் அன்று பகலிலேயே அந்தப் பச்சைச் சாயம் அவன் மூக்கு நுனியில் எட்டிப் பார்த்ததை நான் கவனித்திருந்தேன், எங்கோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். மறுநாள் அட்ரோபினைக் களிம்பாக மாற்றிக் கொடுத்தார், அது அவ்வளவு வேகமாக இறங்குவதில்லை. ஆனால் அந்த மருந்து கண்மணியை விரித்தே வைத்திருக்கும், வெயில் பட்டால் கூசும், அந்த நாட்களில் அவனை உள் அறையிலேயே வைத்திருந்தோம்.

விட்டதும் உப்புப் போடாமல் வேகவைத்த நெத்திலி ஒன்று. ஐந்து நிமிடம் கழித்து இல்லை, அந்த நொடியிலேயே. மூன்றாம் நாள் பாட்டில் மூடியைத் திறக்கும் சத்தத்துக்கே நாக்கைச் சுழற்ற ஆரம்பித்தான்.

புண் ஆற இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. மேலோட்டமான கீறல் பொதுவாக ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னார், மீதி நாட்கள் என் கணக்கில். இன்றைக்கும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய வெள்ளைத் தழும்பு தெரியும்.

எங்கள் நாய் கதை வேறு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதே, அதற்கடுத்த வாரம் விழுந்து கிடந்த வேப்பமரத்துக்கு அடியில் கிடைத்த நாட்டு நாய், பேர் புயல். இப்போது கிழவன், படியேறவே யோசிக்கிறான். அவனுக்குக் கண்ணில் பசை மாதிரி மஞ்சள் பீளை வந்துகொண்டே இருந்தது, வயதானால் அப்படித்தான் என்று நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். சங்கராவோடு அவனையும் ஒருதடவை கூட்டிப்போனபோது டாக்டர் இமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஒரு நிமிடம் வைத்தார். நாய்க்கு 15 மில்லிமீட்டராவது நனைய வேண்டுமாம், இவனுக்கு 5 தாண்டவில்லை. கண்ணீரே ஊறவில்லை. சைக்ளோஸ்போரின் களிம்பு, காலை மாலை, ஆயுசுக்கும். பலன் தெரியச் சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்தாதீர்கள் என்றார். ஒன்றரை மாதம் போல ஆனபின் ஒருநாள் காலையில் அந்தக் கண் ஈரமாகப் பளபளவென்று இருந்தது, எனக்கு வாசல் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிடத் தோன்றியது.

புயலைப் பிடிக்கவே வேண்டாம், சுவர் மூலையில் முதுகு படும்படி உட்கார வைத்தால் போதும். மூடி போட்ட டியூபை நாலு நாள் நெற்றியில் தொட்டுத் தொட்டு பிஸ்கட் துண்டு கொடுத்துப் பழக்கிவிட்டுத்தான் நிஜமாகப் போட ஆரம்பித்தேன். டியூபைக் கையில் கொஞ்ச நேரம் பொத்திச் சூடேற்றிக்கொண்டு ஒரு அரிசி அளவு.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் முடிவு செய்துவிடாதீர்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டால், நீலமாகவோ வெள்ளையாகவோ மங்கினால், இரண்டு கண்மணியும் வேறு வேறு அளவில் தெரிந்தால் அன்றைக்கே டாக்டர். நான் சொன்னது அவர் எழுதிக் கொடுத்த மருந்தை விடுகிற விதம் மட்டும்தான்.

ஃப்ரிட்ஜ் கதவைக் காலி செய்துவிட்டேன். புதிதாகத் திறக்கும் பாட்டிலில் ஸ்கெட்ச் பேனாவால் தேதி எழுதுகிறேன், ஒரு மாதம் ஆனால் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் குப்பை. தை பிறந்ததும் அம்மாவுக்கு அடுத்த கண் ஆபரேஷன். "இந்தத் தடவை எனக்கும் பின்னாடி நின்னே விடு, முன்னாடி வந்தா உன் மூஞ்சியைப் பார்த்தே கண்ணு மூடிக்குது" என்கிறார். நெத்திலி வேண்டுமா என்று கேட்டேன். வறுத்துக் கொடு என்றார்.