சனிக்கிழமை ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் நாட்குறிப்பு, 2020

11 ஆகஸ்ட் 2020, செவ்வாய்

கல்லூரி அணிகளைச் சேர்த்து ஆட்டம் நடத்தும் கூட்டமைப்புகளில் இரண்டு பெரியவை, கொரோனாவால் இந்தப் பருவ ஆட்டத்திலிருந்து ஒரே நாளில் பின்வாங்கிவிட்டன. ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் போன்ற அணிகள் இருக்கும் பிக் டென் முதலில் அறிவித்தது. சில மணி நேரத்தில் மேற்குக் கரையின் பேக்-12 அறிவித்தது. மிட்-அமெரிக்கன் கூட்டமைப்பு சனிக்கிழமையே ஒதுங்கிவிட்டது. எஸ்இசி, ஏசிசி, பிக் 12 என்ற மற்ற மூன்று பெரிய கூட்டமைப்புகளும் ஆடியே தீருவது என்று நிற்கின்றன.

நம் கால்பந்து வேறு, இது வேறு. பந்தை எடுத்த நொடியில் இரண்டு பக்க முன்வரிசை வீரர்களும் (லைன்மேன்கள்) நெஞ்சோடு நெஞ்சு மோதுவார்கள், முகத்துக்கு முகம் ஒரு அடிகூட இருக்காது. உதவித்தொகையில் இருக்கும் வீரர்கள் மட்டும் 85 பேர் வரை. மற்ற வீரர்களையும் சேர்த்தால் நூறு தாண்டும். பயிற்சியாளர்கள், பிசியோக்கள், துணி துவைப்பவர்கள் வரை எண்ணினால் ஒரு சிறு கிராமம்.

வீரர்கள் பேசியதைத்தான் ஊன்றிக் கேட்க வேண்டும். இந்த மாதம் 2-ஆம் தேதி பேக்-12 வீரர்கள், பாதுகாப்பு இல்லாமல் ஆடமாட்டோம் என்றார்கள். 9-ஆம் தேதி இரவு கிளெம்சனின் ட்ரெவர் லாரன்ஸ், ஒஹாயோ ஸ்டேட்டின் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் உள்ளிட்டவர்கள் ஆட விரும்புகிறோம் என்றார்கள். ஒன்றுக்கொன்று எதிர் மாதிரித் தெரியும். ஆனால் இரண்டாவது அறிக்கையிலும் எல்லாக் கூட்டமைப்புக்கும் ஒரே பாதுகாப்பு விதி, விலகும் உரிமை, வீரர்களுக்கு ஒரு சங்கம் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். சம்பளம் இல்லாமல் ஆடும் பிள்ளைகள் இதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. விலகினால் உதவித்தொகையைப் பறிக்கக் கூடாது, "நோய் வந்தால் கல்லூரி பொறுப்பில்லை" என்று கையெழுத்து வாங்கக் கூடாது என்று கல்லூரி விளையாட்டுகளை ஆளும் அமைப்பான என்சிஏஏ போன வாரம்தான் சொன்னது.

18 ஆகஸ்ட், செவ்வாய்

சேப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகம் வகுப்பு தொடங்கி ஒரே வாரத்தில் இளங்கலை வகுப்புகளை நேற்று இணையத்துக்கு மாற்றிவிட்டது. இன்று மிச்சிகன் ஸ்டேட், மாணவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டது. நோட்ர டேம் இரண்டு வாரத்துக்கு நேரடி வகுப்பை நிறுத்தியிருக்கிறது.

வட கரோலினாவின் ஃபுட்பால் அட்டவணை மட்டும் அப்படியே இருக்கிறது. வளாகம் காலியானால் அணிக்குத் தொற்று குறையும் என்று ஒரு வாதம் உண்டு. மருத்துவமாகப் பார்த்தால் அது சரியும்கூட. ஆனால் படிக்க வந்தவனை ஆபத்து என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆட வந்தவனை இருத்திவைத்தால், அவன் மாணவனா வேலையாளா? "மாணவ-வீரர்" என்ற சொல்லைச் சொல்லித்தான் இத்தனை வருடம் அவனுக்குச் சம்பளம் மறுத்தார்கள்.

22 ஆகஸ்ட், சனி

அயோவா பல்கலைக்கழகம் நான்கு விளையாட்டு அணிகளை மூடுவதாக நேற்று அறிவித்தது: ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், ஆண்கள் டென்னிஸ், ஆண்கள் நீச்சல், பெண்கள் நீச்சல். வருவாய் இழப்பு சுமார் 10 கோடி டாலர் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஃபுட்பால் இல்லாவிட்டால் தொலைக்காட்சிப் பணம் இல்லை, அது இல்லாவிட்டால் நீச்சல்காரிக்குக் குளம் இல்லை. ஆடச் சொல்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்குவது எளிது. இந்த நீச்சல் பிள்ளைகளின் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

12 செப்டம்பர், சனி

ஒஹாயோ ஸ்டேட் மருத்துவர்களின் ஆய்வு நேற்று ஜாமா கார்டியாலஜி என்ற மருத்துவ இதழில் வந்துவிட்டது. தொற்று வந்து தேறிய 26 வீரர் வீராங்கனைகளுக்கு இதய எம்ஆர்ஐ எடுத்திருக்கிறார்கள். யாரும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இல்லை. நான்கு பேருக்கு இதயத்தசை அழற்சியின் அடையாளம் தெரிந்தது. அந்த நால்வரில் இருவருக்கு எந்த அறிகுறியும் வந்ததில்லை.

இதில் மருத்துவர் அல்லாதவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த 26 பேருக்கும் இசிஜி, எக்கோ, ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத்தசை பழுதானால் கூடும் புரதம்) எல்லாம் பார்த்தார்கள். எதுவும் காட்டிக்கொடுக்கவில்லை. எம்ஆர்ஐ மட்டும்தான் பிடித்தது. தசையில் நீர் கோத்திருந்தால் ஒருவகைப் படத்திலும், ஊசி மருந்து செலுத்திப் பார்க்கும்போது தழும்போ சிதைவோ இருந்தால் இன்னொரு படத்திலும் தெரியும். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அழற்சி என்று சொல்வார்கள்.

பலவீனமும் உண்டு. எண்ணிக்கை சிறியது. தொற்று வராத வீரர்களை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கடும் பயிற்சியே இதயத்தின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றும். ஆகவே 15 சதவீதம் (26-ல் நான்கு) என்ற எண்ணைத் தூக்கிப் பிடித்து ஆட வேண்டாம் என்பதும் தவறு, சின்ன ஆய்வு என்று தள்ளுவதும் தவறு. அழற்சி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் கடும் பயிற்சி கூடாது என்பது கொரோனாவுக்கு முன்பிருந்தே உள்ள விதி. வீங்கிய தசையோடு ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். மைதானத்தில் சுருண்டு விழும் இளம் வீரர்களின் சாவுக்கு அதுவும் ஒரு காரணம்.

பென்சில்வேனியாவில் 20 வயது கல்லூரி வீரர் ஒருவர் இந்த 8-ஆம் தேதி இறந்தார். கொரோனாவுக்குப் பின் ரத்தக்கட்டி. அவர் கல்லூரியில் இந்த முறை ஆட்டமே இல்லை. ஆட்டத்தை நிறுத்தினாலே பிள்ளைகள் பத்திரம் என்று நினைப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

17 செப்டம்பர், வியாழன்

பிக் டென் நேற்று முடிவை மாற்றிவிட்டது. அக்டோபர் 23 வார இறுதியில் தொடக்கம். விதிகளை இரண்டு முறை படித்தாயிற்று. இதுவரை வந்ததில் இதுதான் முழுமையானது, ஓட்டைகளும் இருக்கின்றன.

செப்டம்பர் 30 முதல் தினமும் ஆன்டிஜென் பரிசோதனை. பயிற்சிக்கோ ஆட்டத்துக்கோ முன்பே முடிவு பதிவாகியிருக்க வேண்டும். மூக்கில் குச்சி விட்டு எடுத்தால் கால் மணி நேரத்தில் முடிவு வரும். பாசிட்டிவ் என்றால் பிசிஆர் எடுத்து உறுதி செய்ய வேண்டும். உறுதியானால் இதயப் பரிசோதனை நான்கு: ரத்தம், இசிஜி, எக்கோ, எம்ஆர்ஐ. இதய மருத்துவர் கையெழுத்துப் போட்ட பிறகும், தொற்று உறுதியான நாளிலிருந்து 21 நாள் கழித்தே ஆட்டம்.

பிசிஆர் ஏன் வேண்டும்? ஒரு அணியில் 120 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 720 பரிசோதனை. தவறாகப் பாசிட்டிவ் காட்டுவது இருநூறில் ஒன்று என்று கொண்டாலும் வாரத்துக்கு மூன்று நான்கு பேர், நோயே இல்லாமல், உட்கார வேண்டிவரும். வெள்ளிக்கிழமை அது பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக இருந்தால் ஆட்டமே மாறும்.

மறுபக்கம் இன்னும் மோசம். தொற்று உள்ளே போய் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாள் ஆகும். புதன்கிழமை விருந்தில் வாங்கிக்கொண்டவன் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நெகட்டிவ் வரலாம். தினமும் பார்ப்பதால் அவன் பரப்பத் தொடங்கும் நாளிலோ மறுநாளோ சிக்குவான். வாரம் மூன்று முறை பார்க்கும் இடத்தில் அவன் சக வீரர்களோடு பேருந்தில் ஏறியிருப்பான்.

அடுத்தது நிறங்கள். ஏழு நாள் கணக்கில் இரண்டு விகிதம். செய்த பரிசோதனைகளில் எத்தனை பாசிட்டிவ் என்பது ஒன்று: 2 சதவீதம் வரை பச்சை, 5 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. அணியின் மொத்த ஆட்களில் எத்தனை பேருக்குத் தொற்று என்பது இன்னொன்று: 3.5 வரை பச்சை, 7.5 வரை ஆரஞ்சு, மேலே சிவப்பு. இரண்டும் சிவப்பானால் குறைந்தது ஏழு நாள் எல்லாம் நிறுத்தம்.

கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குப் போட்டால்தான் தெரிகிறது. அதே 120 பேர், 720 பரிசோதனை. ஆட்கள் விகிதம் சிவப்பாக 10 பேர் போதும். பரிசோதனை விகிதம் சிவப்பாக 37 பாசிட்டிவ் வேண்டும். ஒருவன் பாசிட்டிவ் ஆனதும் பட்டியலிலிருந்து வெளியேறுகிறான், அவன் மறுபடி எண்ணப்படுவதில்லை. ஆக தினமும் பரிசோதிக்கிற அணியில் இரட்டைச் சிவப்பு விழுவதற்குள் அணியில் கால் பங்குக்கு மேல் படுத்திருக்கும். கட்டாய நிறுத்தத்துக்காகக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஆரஞ்சிலேயே நிறுத்தும் துணிச்சல் யாருக்காவது இருக்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் தலைமைத் தொற்று அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் எண்களைத் திரட்டி அனுப்புவார். பயிற்சியாளரைப் பார்த்து "நாளை ஆட்டம் இல்லை" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பதுதான் கேள்வி.

இன்னொரு குறை: ஒன்பது வாரத்தில் ஒன்பது ஆட்டம், ஓய்வு வாரமே கிடையாது. ஒரு ஆட்டம் தள்ளிப்போனால் வைக்க இடமில்லை.

19 செப்டம்பர், சனி

பேய்லர்-ஹூஸ்டன் ஆட்டம் ரத்து. ஒரு வாரம் முன்புதான் அவசரமாகச் சேர்த்தார்கள். பிக் 12 விதிப்படி ஆட 53 பேர் வேண்டும். அதில் பந்தோடு முன்னேறும் பக்கத்தின் (அஃபென்சிவ்) லைன்மேன் ஏழு, தடுக்கும் பக்கத்தின் (டிஃபென்சிவ்) உள்வரிசை லைன்மேன் நான்கு, குவார்ட்டர்பேக் ஒருவர். பேய்லருக்கு அந்த அளவு தேறவில்லை. விதி சரியானதே. ஆளில்லாமல் களைத்த லைன்மேனை நிறுத்தினால் கழுத்தும் முட்டியும் போகும். அது கொரோனா கணக்கில் வராத காயம்.

17 அக்டோபர், சனி

அலபாமா பயிற்சியாளர் நிக் சேபனுக்குப் புதன்கிழமை பாசிட்டிவ். பின்னர் அடுத்தடுத்த நாட்களில் மூன்று பிசிஆர், மூன்றும் நெகட்டிவ். இன்று மைதானத்தில் நிற்கிறார். விதிப்படி சரி. முதல் முடிவு தவறு என்று சொல்ல 24 மணி நேர இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் முறை. இதே வசதி, இதே வேகம், சிறிய கல்லூரியின் மூன்றாம் நிலை வீரனுக்குக் கிடைக்குமா? கிடைத்தால்தான் அது விதி.

ஃப்ளோரிடாவில் தொற்றுப் பரவி லூசியானா ஸ்டேட்டோடு (எல்எஸ்யு) இருந்த இன்றைய ஆட்டம் டிசம்பர் 12-க்குப் போய்விட்டது.

28 அக்டோபர், புதன்

விஸ்கான்சின் ஒரே ஒரு ஆட்டம் ஆடியது. இன்று ஏழு நாள் நிறுத்தம். ஐந்து நாளில் 12 பேர்: ஆறு வீரர்கள், ஆறு ஊழியர்கள். தலைமைப் பயிற்சியாளர் பால் கிரிஸ்டும் அதில் ஒருவர். நெப்ராஸ்கா ஆட்டம் ரத்து. இரட்டைச் சிவப்புக்காகக் காத்திருக்காமல் பல்கலைக்கழகமே நிறுத்தியது. செய்ய வேண்டியதைச் செய்தார்கள்.

போன வாரம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி "நெருங்கிய தொடர்பு" வரையறையை மாற்றியது. ஆறு அடிக்குள் 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 15 நிமிடம். பந்தை எடுத்து மோதும் ஒரு பாய்ச்சல் சுமார் ஆறு நொடி. ஒரு ஆட்டத்தில் 70 முறை என்றால் எதிரணி லைன்மேனோடு ஏழு நிமிடம், திறந்த வெளியில். மோதல்தான் ஆபத்து என்று எல்லோரும் பயந்தார்கள். நிமிடங்கள் சேர்வது வேறு இடங்களில்: குவார்ட்டர்பேக்குகள் வீடியோ பார்க்கும் சன்னல் இல்லாத அறை, முட்டிக்குக் கட்டுப் போடும் மேசை, சாப்பாட்டுக் கூடம், நான்கு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு. ஒரே இடத்தில் ஆடும் வீரர்கள் ஒரே அறையில் உட்காருவதால் ஒருவன் பாசிட்டிவ் ஆனால் மொத்த வரிசையும் 14 நாள் தனிமைக்குப் போகும். கூட்டத்தைப் பெரிய அரங்கில் நடத்துங்கள். முதல் நிலை ஆளையும் இரண்டாம் நிலை ஆளையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள். ஹெல்மெட்டில் மாட்டும் பிளாஸ்டிக் தடுப்புக்குச் செலவிடும் அக்கறையை அங்கே செலவிட்டால் பலன் அதிகம். அந்தத் தடுப்பு மூச்சில் பனி படிந்து நாலாவது பாய்ச்சலில் கழற்றப்படுகிறது.

22 நவம்பர், ஞாயிறு

நேற்று டாலஹாசியில் ஆட்டம் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது கிளெம்சன்-ஃப்ளோரிடா ஸ்டேட் ஒத்திவைப்பு. அறிகுறி இருந்த கிளெம்சன் வீரர் ஒருவர், முந்தைய முடிவுகள் நெகட்டிவ் என்பதால் அணியோடு விமானத்தில் வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை எடுத்தது பாசிட்டிவ். இரு தரப்பு மருத்துவர்களும் உடன்படவில்லை.

ஃப்ளோரிடா ஸ்டேட் பயந்து ஓடியது என்று திட்டுகிறார்கள். திட்டுபவர்கள் யோசிக்கட்டும்: அறிகுறி உள்ளவன் முந்தைய நெகட்டிவைக் காட்டிப் பயணம் செய்யலாமா? கூடாது. பரிசோதனை அறிகுறியை ரத்து செய்யாது. இருமலோ காய்ச்சலோ இருந்தால் முடிவு என்னவானாலும் விடுதியிலேயே இருக்க வேண்டும். இந்த ஒரு வரி விதி பயிற்சியாளர் கையில் இருந்தால் வளையும். உடன்படாத மருத்துவர்களுக்கு மேலே, இரண்டு கல்லூரியும் சம்பளம் கொடுக்காத ஒரு மருத்துவர் இருந்திருந்தால், வெள்ளி இரவே முடிந்திருக்கும்.

29 நவம்பர், ஞாயிறு

வாண்டர்பில்ட்டின் கிக்கர்கள் (பந்தை உதைக்க மட்டும் இறங்குபவர்கள்) மொத்தமாகத் தனிமைக்குப் போனதால், பெண்கள் சாக்கர் அணியின் கோல்கீப்பர் சாரா ஃபுல்லர் நேற்று மிசூரியில் இரண்டாம் பாதியைத் தொடங்கிவைத்துப் பந்தை உதைத்தார். பெரிய கூட்டமைப்பு ஆட்டத்தில் ஒரு பெண் களமிறங்கியது இதுவே முதல் முறை. மனசு நிறைந்தது. ஒரே அறையில் உட்கார்ந்த கிக்கர்கள் என்ற பாடம் மட்டும் மாறவில்லை.

9 டிசம்பர், புதன்

ஆறு ஆட்டம் ஆடாத அணி பிக் டென் இறுதிக்குப் போக முடியாது என்பது அவர்களே எழுதிய விதி. ஒஹாயோ ஸ்டேட் ஆடியது ஐந்து. மிச்சிகன் ஆட்டம் நேற்று ரத்து. இன்று விதியை எடுத்துவிட்டார்கள். அந்த அணி தகுதியானதே, அதில் சந்தேகமில்லை. ஆனால் பெரிய அணிக்கு வளைந்த விதி, அடுத்த முறை மருத்துவ விதி குறுக்கே வந்தாலும் வளையும் என்று எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் இன்று தெரிந்துவிட்டது.

12 ஜனவரி 2021, செவ்வாய்

நேற்று மயாமி கார்டன்ஸில் தேசிய இறுதி ஆட்டம்: அலபாமா 52, ஒஹாயோ ஸ்டேட் 24. அரங்கில் 14,926 பேர். கலிஃபோர்னியா பார்வையாளரை அனுமதிக்காததால் ரோஸ் பௌல் என்ற அரையிறுதி ஆட்டம் பசடேனாவிலிருந்து டெக்சஸின் ஆர்லிங்டனுக்கே போயிருந்தது. அங்கே பார்வையாளர்களை அனுமதித்தார்கள். ஆடலாம் என்பதற்காவது மருத்துவர்கள் ஒரு வழி சொன்னார்கள். கூட்டம் சேர்க்கலாம் என்பதற்கு எந்த மருத்துவக் காரணமும் இல்லை. அது டிக்கெட் விற்பனை மட்டுமே.

28 மே 2021, வெள்ளி

பிக் டென்னின் இதயப் பதிவேடு நேற்று வெளியானது. 13 பல்கலைக்கழகங்கள், எல்லா விளையாட்டும் சேர்த்து, தொற்று வந்து தேறிய 1,597 பேருக்கு எம்ஆர்ஐ. இதயத்தசை அழற்சி 37 பேருக்கு, 2.3 சதவீதம். ஒஹாயோ ஸ்டேட் ஆய்வின் 15 சதவீதம் எங்கே, இது எங்கே. ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி பூஜ்யத்திலிருந்து 7.6 சதவீதம் வரை மாறுகிறது. படத்தை எடுக்கும் முறையும் வாசிக்கும் கண்ணும் ஒன்றுபோல் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

நெஞ்சுவலி, படபடப்பு போன்ற இதய அறிகுறியை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் 37 பேரில் ஐந்து பேர்தான் சிக்கியிருப்பார்கள். 27 பேருக்கு 4 முதல் 14 வாரம் கழித்து மறுபடி எம்ஆர்ஐ எடுத்தார்கள். எல்லோருக்கும் வீக்கம் வடிந்திருந்தது. தழும்பும் மறைந்தது 11 பேருக்கு. மீதி 16 பேருக்கு அது அப்படியே இருந்தது. அவர்களுக்கு அடுத்த படம் எப்போது, கல்லூரியை விட்டுப் போன பிறகு அதற்கு யார் பணம் கட்டுவார்கள் என்பதை ஒவ்வொரு கூட்டமைப்பும் முதலில் எழுத வேண்டும்.