பக்கியில் ஏற்றிய மெஷின்: கார்பெட் கழுவ டிரக்மவுன்ட் வாங்கிய அனுபவம்

2022 ஏப்ரல் மழையைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் குவாசுலு-நடால் மாகாணம் முழுக்க 400 பேருக்கு மேல் பலி வாங்கிய வெள்ளம் அது. பிராஸ்பெக்டனில் ஹைலக்ஸ் பக்கி (பிக்கப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) செய்யும் டொயோட்டா தொழிற்சாலைக்குள்ளேயே தண்ணீர் புகுந்து, மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. அந்த வாரம் எங்களுக்குத் தொலைபேசி ஓயவே இல்லை. கூப்பிட்டவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: கார்பெட்டில் நிற்கிற தண்ணீரை எப்படியாவது எடுத்துக் கொடுங்கள்.

என் மாமனார் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருபது வருடத்துக்கு மேலாகக் கார்பெட், சோபா கழுவும் தொழில் செய்கிறவர். திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்த பிறகு நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன். எங்களிடம் அப்போது இருந்தது போர்ட்டபிள் மெஷின்கள் இரண்டு. அழுக்குத் தண்ணீர் தொட்டி 45 லிட்டர்தான் கொள்ளும். மெரிபேங்கில் ஒரு வீட்டுக்குப் போனோம். கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இரவல் வாங்கி மெஷினை ஓட்டினால், சில நிமிடத்துக்கு ஒரு முறை தொட்டி நிறைந்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டுத் திரும்ப வர வேண்டும். மூன்று அறை முடிக்க ஒன்றரை நாள் ஆனது. அதற்குள் கார்பெட்டுக்கு அடியில் விரித்திருந்த அண்டர்லே மெத்தை நாற ஆரம்பித்துவிட்டது. அந்த வீட்டுப் பாட்டி, தன் கணவர் போட்ட கார்பெட் என்று ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டே நின்றார். கடைசியில் அதை அறுத்துத்தான் வெளியே போட்டோம். தண்ணீரை முதல் நாளே எடுத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

அன்று இரவு மாமா சொன்னார்: "மாப்பிள்ளை, இனிமே வண்டியிலேயே என்ஜின் இருக்கிற மெஷின்தான் வேணும்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிரக்மவுன்ட் என்பது வண்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்திய கழுவும் மெஷின். ஒரு என்ஜின், காற்றை இழுக்கும் பம்பான புளோயரைச் சுழற்றி உறிஞ்சும் காற்றைத் தரும். அதே என்ஜின் தண்ணீர் பம்பையும் ஓட்டித் தண்ணீரை அழுத்தத்தோடு அனுப்பும். என்ஜின் புகையிலும் புளோயர் காற்றிலும் இருக்கிற சூட்டை வைத்தே தண்ணீர் காயும். வீட்டுக்குள் போவது ஹோஸும், கையில் பிடித்துத் தண்ணீர் விட்டு உறிஞ்சுகிற வாண்ட் என்ற குழாயும் மட்டும்தான். வீட்டுக் கரண்டே தேவையில்லை.

ஆசை வந்தவுடன் நான் முதலில் செய்தது தப்பு. எந்த மெஷினுக்கு எத்தனை குதிரைத்திறன், எது நிமிடத்துக்கு எவ்வளவு காற்று இழுக்கும் என்று ராத்திரி முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். மாமா பழைய பில் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். போன ஒரு வருடத்தில் நாம் எங்கே எல்லாம் போனோம், வண்டி எவ்வளவு பக்கத்தில் நின்றது, எத்தனை மாடி ஏறினோம் என்று எழுதச் சொன்னார். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் வீடுகள், கல்யாண மண்டபங்கள், சில பள்ளிவாசல்கள் என்று பத்தில் ஏழு வேலை தரைத்தளத்திலோ முதல் மாடியிலோதான். மீதி மூன்று உம்ஷ்லாங்காவிலும் கடற்கரைப் பக்கத்திலும் இருக்கிற உயரமான ஃபிளாட்கள். பன்னிரண்டாவது மாடிக்கு எந்த டிரக்மவுன்டும் உதவாது. அங்கே வண்டியை அடித்தள பார்க்கிங்கில் நிறுத்த வேண்டியிருக்கும். மூடிய இடத்தில் பெட்ரோல் என்ஜினை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். அதனால் போர்ட்டபிளை விற்கக் கூடாது என்பது அந்தப் பில் புத்தகத்திலேயே முடிவாகிவிட்டது. வாங்கப்போகும் மெஷினுக்கு எத்தனை மீட்டர் ஹோஸ் வேண்டும் என்பதும் அதிலிருந்தே வந்தது: 45 மீட்டர்.

அடுத்தது என்ன வகை என்ற கேள்வி. வண்டி என்ஜினையே பயன்படுத்துகிற டைரக்ட் டிரைவ் ஒன்று. தனி என்ஜினோடு ஒரே சட்டத்தில் வந்து, வண்டிக்குள் வைத்து போல்ட் போடுகிற ஸ்லைட்-இன் இன்னொன்று. டைரக்ட் டிரைவ் கிட்கள் பெரும்பாலும் அமெரிக்க வேன்களை மனதில் வைத்துச் செய்தவை. நம் பக்கிக்கு அவை பொருந்தாது. அதோடு வண்டி பழுதானால் மெஷினும் நின்றுவிடும். அதில் அதிக நேரம் செலவழிக்கவில்லை.

பழைய மெஷின் ஒன்று ஜோஹன்னஸ்பர்க்கில் விலைக்கு இருப்பதாகத் தெரிந்து, விடியற்காலை கிளம்பி என்3 சாலையில் 570 கிலோமீட்டர் போனோம். பெயின்ட் புதுசு, என்ஜின் ஒரே உதையில் ஓடியது. மாமா என்ஜினை நிறுத்தச் சொல்லி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, புளோயரின் தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றினார். பாதி சுற்றில் இரும்போடு இரும்பு உரசுகிற ஒரு மெல்லிய சத்தம். உள்ளே துரு. புளோயருக்குள் இருக்கிற இரண்டு உருளைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளிதான் இருக்கும். துரு ஏறினால் காற்று போய்விடும், சில மாதத்தில் பிடித்துக்கொள்ளும். விற்றவர் அதைச் சொல்லவே இல்லை. வெறுங்கையோடு திரும்பினோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். காற்று மெலிந்திருப்பதால் பெட்ரோல் என்ஜின் அங்கே மூச்சு வாங்கும், உறிஞ்சும் சக்தியும் குறையும். அங்கே ஓட்டிப் பார்த்த கணக்கு கடற்கரை ஊருக்குப் பொருந்தாது.

டர்பனுக்குத் திரும்பி ஒரு விற்பனையாளரிடம் டெமோ கேட்டோம். 15 மீட்டர் ஹோஸை மாட்டி, வேக்குவம் காட்டும் முள்ளைப் பெருமையாகக் காண்பித்தார். எங்கள் 45 மீட்டர் ஹோஸையும் சேர்த்து மாட்டுங்கள் என்றேன். மாட்டினார். முள் இன்னும் மேலே ஏறியது. பார்க்கிறவர்களுக்கு சக்தி கூடிவிட்ட மாதிரி தெரியும். உண்மை நேர் எதிர். நீள ஹோஸில் காற்று வரச் சிரமப்படுவதால் மெஷின் பக்கம் தடை கூடுகிறது, முள் ஏறுகிறது. வாண்ட் முனையில் வருகிற காற்றோ குறைகிறது. தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போவது அந்தக் காற்றுதான். அதனால் முள்ளை விட்டுவிட்டு நாங்கள் ஒரு பழைய துண்டைக் கொண்டு பார்த்தோம். கார்பெட்டில் ஒரு தடவை தண்ணீர் விட்டு இழுப்பது, இரண்டு தடவை வெறுமனே இழுப்பது, அப்புறம் துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் முழங்காலை ஊன்றிப் பத்து வரை எண்ணுவது. முதல் மெஷினில் துண்டு முழங்கால் அளவுக்கு வட்டமாக நனைந்தது. அதைவிட ஒரு படி பெரிய புளோயர் உள்ள மெஷினில் துண்டு ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான். அந்த நிமிடத்தில் மனசு தீர்மானித்துவிட்டது.

பெரிய புளோயர் என்றால் பெரிய என்ஜின், கூடுதல் எடை. இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் ஒரு டன் பக்கியில் எடை வரம்பு எழுதிய தகட்டைப் பார்த்து, பேப்பரில் கூட்டினோம். மெஷின் 310 கிலோ. நல்ல தண்ணீர் டேங்க் 25, அதில் 300 லிட்டர் தண்ணீர் 300. ஹோஸும் ரீலும் 70, கழுவும் மருந்துகளும் மின்விசிறிகளும் 50, கேனப்பி (பக்கியின் பின்பக்கத்தை மூடும் கூடு) 80, நாங்கள் இரண்டு பேர் 150. மொத்தம் 985. சரி, நூலிழையில் தப்பித்தோம் என்று இருந்தேன். மாமா கேட்டார்: "அழுக்குத் தண்ணி எங்கே?"

டேங்கில் இருக்கிற நல்ல தண்ணீர்தானே அழுக்காகி மறு தொட்டிக்கு வருகிறது, எடை மாறாதே என்றேன். வண்டித் தண்ணீரை மட்டும் செலவழித்தால் அது சரி. ஆனால் வாண்டைத் திறந்தால் நிமிடத்துக்கு 5 முதல் 8 லிட்டர் போகும். பெரிய வீட்டுக்கு 300 லிட்டர் போதாது, வாடிக்கையாளர் குழாயில் ஹோஸ் மாட்டுவோம். வேலை முடியும்போது நல்ல டேங்கும் நிறைந்திருக்கும், அழுக்குத் தொட்டியில் 250 லிட்டரும் இருக்கும். அப்போது வண்டியின் சுமை 1,235 கிலோ! அதோடு பின் அச்சுக்குப் பின்னால் கனம் ஏறினால் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது.

பேப்பரை நம்பாமல் சோதித்துப் பார்த்தோம். 50 கிலோ சிமென்ட் மூட்டை ஆறு, தண்ணீர் நிரப்பிய டிரம்கள், எல்லாவற்றையும் மெஷின் உட்காரப்போகிற இடத்தில் வைத்து, ஃபீனிக்ஸில் ஒரு பழைய இரும்புக் கடையின் எடை மேடையில் ஏற்றினோம். முன் சக்கரம் தனியாக, பின் சக்கரம் தனியாக. பிறகு அதே சுமையோடு ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். மூட்டைகளை ஒன்றரை அடி முன்னால் நகர்த்திய பிறகுதான் ஸ்டீயரிங் கைக்கு வந்தது. மெஷினை எங்கே போல்ட் போட வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் அங்கேயே கோடு போட்டுக்கொண்டோம்.

டிரெய்லரில் வைக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். கோட் பி என்ற சாதாரண கார் ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர், மொத்த எடை 750 கிலோவுக்கு மேல் உள்ள டிரெய்லரை இழுக்க முடியாது. அதற்கு ஈபி என்ற உரிமம் வேண்டும். தண்ணீரோடு சேர்த்தால் எங்கள் மெஷின் அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

நேரடியாக இறக்குமதி செய்தால் லாபமா என்றும் பார்த்தோம். இங்கே இறக்குமதி வாட் (மதிப்புக் கூட்டு வரி) பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை. சுங்க மதிப்போடு 10 சதவீதம் கூட்டி, தீர்வை இருந்தால் அதையும் சேர்த்து, அதன் மேல் 15 சதவீதம். ஒரு லட்சம் ரேண்ட் பொருளுக்குத் தீர்வையே இல்லாவிட்டாலும் 16,500 ரேண்ட் வாட். வாட்டுக்குப் பதிவு செய்தவர்கள் திரும்பப் பெறலாம். நாங்கள் அப்போது பதிவு செய்யவில்லை. கப்பல் கூலியும் டாலர் ஏறுகிற பயமும் வேறு. உதிரி பாகம் உள்ளூரில் வைத்திருக்கிறவரிடமே வாங்கினோம். இரண்டு சிலிண்டர் ஹோண்டா என்ஜின் உள்ளதைத் தேர்ந்தெடுத்தோம், அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் எங்கள் தெருவிலேயே இருக்கிறார் என்பதால்.

வாங்கிய பிறகு தெரிந்தவை சில. சோபா கழுவும்போது தண்ணீர் குறைவாகப் போகும். மெஷினோ காய்ச்சிக்கொண்டே இருக்கும். சூடு அளவு மீறினால் வால்வு தானாகத் திறந்து வெந்நீரை அழுக்குத் தொட்டியில் கொட்டிவிடும். முதல் வாரம் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாமல் திகைத்தோம். கம்பளித் தரைவிரிப்பு என்றால் சூட்டைக் குறைத்துத்தான் பிடிக்க வேண்டும். அழுக்குத் தண்ணீரைத் தெரு ஓரத்து மழைநீர் வடிகாலில் விடக் கூடாது. அது நேராக ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. வாடிக்கையாளர் அனுமதி வாங்கி அவர் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில், வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே விட்டுவிடுகிறோம். அதனால் அந்த 250 கிலோ சாலைக்கு வருவதே இல்லை.

டர்பனின் உப்புக் காற்றுக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும். அதனால் கடைசி வேலை முடிந்ததும் ஹோஸைக் கழற்றி, மெஷினை ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டு ஈரத்தைக் காய வைக்கிறோம். பிறகு புளோயரின் வாய்க்குள் சில நொடி எண்ணெய் ஸ்பிரே. வெள்ளைப் புகை கொஞ்சம் வரும். அதற்கப்புறம் மாமா என்ஜினை அணைத்து, தண்டைக் கையால் ஒரு சுற்று சுற்றி, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கேனப்பியை மூடுவார்.