காளானும் 200 பவுண்டும்

"இந்த ஒரு வரி மட்டும் வேண்டாமே" என்றார் கண்காட்சிப் பொறுப்பாளர். ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரேயின் ஒரு படத்துக்கான விளக்க அட்டை அறுபது சொல்லுக்குள் அடங்கணும், அதனால் வெட்டச் சொல்வது புதிதில்லை. ஆனால் அவர் கைவைத்தது நான் ஆசையாக எழுதிய வரி: "ஆறு வருடம் கழித்து இதே பிட்டின் அரசிடமிருந்து கில்ரே ஆண்டுக்கு 200 பவுண்டு வாங்கத் தொடங்கினார்."

படம் 1791 டிசம்பரில் வந்தது. பிரதமர் வில்லியம் பிட், சாணக்குவியலில் முளைத்த காளான். அவ்வளவுதான் கேலி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் செம்புத்தகடு தாளில் அழுந்திய விளிம்பு தெரியும், கையால் பூசிய வண்ணம் அங்கங்கே கோட்டைத் தாண்டியிருப்பது தெரியும். அடியில் வெளியான தேதி இருக்கும், 1735 சட்டப்படி அது இருந்தே ஆகவேண்டும். எனக்கு எப்போதும் கண் முதலில் அங்கேதான் போகும்.

அந்தத் தேதியை வைத்துத்தான் அவர் மடக்கினார். படம் 1791, பணம் 1797, பின்னால் நடந்ததை எதற்கு முன்னால் வந்த படத்தின் தலையில் கட்டுகிறீர்கள், படிக்கிறவர்கள் காளானை வேலைக்குப் போட்ட விண்ணப்பமாகத்தானே பார்ப்பார்கள் என்றார். "ஏன், அப்படி இருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அப்படியானால் இந்தக் கண்காட்சிக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதையும் எல்லா அட்டையிலும் போட்டுவிடலாமா?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அது அந்த வரிக்குப் பதிலே இல்லை என்றும் தோன்றுகிறது.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 1797 தொடக்கத்தில் இங்கிலாந்து வங்கி நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்தியதும் கில்ரே பிட்டை விடவில்லை. மே மாதம் வந்த படத்தில் வங்கி ஒரு கிழவி, பிட் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டே தங்கத்தில் கைவைக்கிறார். அந்த வருடக் கடைசியில் அந்த 200 பவுண்டு உதவித்தொகை வருகிறது. ஏற்பாடு செய்தவர் பிட்டின் ஆதரவாளரான அரசியல்வாதி ஜார்ஜ் கானிங். இந்தக் கானிங், தன்னையும் கில்ரே படத்தில் போடவேண்டும் என்று நண்பர்கள் வழியாகத் தூது விட்டவர். கேலி செய்யப்படாதவன் அரசியலில் ஆளே இல்லை என்ற நிலைமை அப்போது! கடைசியில் 1796 அக்டோபரில், பிரெஞ்சுக்காரர்கள் படையெடுத்து வந்தால் என்னவாகும் என்ற படத்தில், செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஒரு விளக்குக் கம்பத்தில் தூக்கில் தொங்குபவராக அவருக்கு இடம் கிடைத்தது. கில்ரே படங்களை விற்ற ஹன்னா ஹம்ஃப்ரியின் கடை பிறகு அதே தெருவுக்குத்தான் வந்தது, தலைவர்கள் கூடும் கிளப்புகளும் அங்கேதான். கேலி செய்தவரும் கேலிக்கு ஆளானவரும் இவ்வளவு நெருக்கமாக இருந்ததைச் சொல்லாமல் காளானை மட்டும் மாட்டினால், ஏதோ தனியாள் ஒருவர் அதிகாரத்தை எதிர்த்து நின்ற கதையாகிவிடும். பார்வையாளருக்கு அதுதான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

இதையெல்லாம் அன்றைக்கே சொன்னேனா என்றால், பாதிதான் சொன்னேன். சரி, வரியை எடுக்க வேண்டாம், வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசிப் பலகைக்கு மாற்றிவிடலாம் என்று முடிவானது. நானும் ஒத்துக்கொண்டேன். அது சமரசமா, சலிப்பா என்று கேட்டால் நாளுக்கு ஒரு பதில் வருகிறது.

ஆனால் கில்ரேக்குப் பின் வந்த கேலிச்சித்திரக்காரர் ஜார்ஜ் க்ரூக்ஷாங்க்கை நினைத்தால் என் வாதமே ஆட்டம் காணுகிறது. நான்காம் ஜார்ஜ் மன்னரை ஒழுக்கக்கேடான நிலையில் வரைய மாட்டேன் என்று உறுதி கொடுத்து 1820 ஜூனில் 100 பவுண்டு வாங்கியவர் அவர். அதே வருடம் பதிப்பாளர் வில்லியம் ஹோனுக்காக, ராணி கரோலினோடு மன்னருக்கிருந்த சண்டையை வைத்து ஒரு வரிசையே வரைந்தார், அதில் மன்னர் குடித்துவிட்டுக் காலி பாட்டில்களுக்கு நடுவே சரிந்து கிடக்கிறார். காசு வாங்கினால் கை கட்டப்பட்டுவிடும் என்று எப்படிச் சொல்வது? கில்ரேயின் கையைக் கட்டியது பணமா, இல்லை பிட் அரசைப்போல அவருக்கும் பிரெஞ்சுப் புரட்சி பிடிக்காமல் போயிருந்ததா? பொறுப்பாளர் இதைக் கேட்டிருந்தால் நான் உட்கார்ந்திருப்பேன். அவர் கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

க்ரூக்ஷாங்க் அட்டை இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. 100 பவுண்டை எழுதினால் ஹோனையும் எழுத வேண்டும். இரண்டையும் எழுதினால், படத்தில் இருப்பது என்ன என்று சொல்ல அறுபது சொல்லில் இடம் மிஞ்சவில்லை.