முப்பது பாடவேளைகள்

முதலாம் தவணை தொடங்கி மூன்று கிழமை ஆகிவிட்டது. பிரதி அதிபர் நேரசூசியை இன்னும் பென்சிலால்தான் எழுதி வைத்திருக்கிறார். தரம் 6 முதல் 11 வரை ஆறு வகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் கிழமைக்கு ஐந்து கணிதப் பாடவேளை. ஆக முப்பது பெட்டிகள். விஞ்ஞான ஆசிரியர் 10, 11ஆம் தரங்களைப் பொறுப்பெடுத்தார். வரலாறு படிப்பிக்கும் நான் ஆறாம் தரத்தை எடுத்தேன். மிச்சம் பதினைந்து பெட்டியும் வெறுமையாகவே கிடக்கின்றன.

ஆனால் ஆளணிப்படி, அதாவது பாடசாலைக்கு ஒதுக்கிய ஆசிரியர் தொகைப்படி, எங்களுக்கு வெற்றிடம் இல்லை! தலைக்கணக்கு சரியாக இருக்கிறது. சங்கீதத்துக்கு இரண்டு பேர், கணிதத்துக்கு ஒருவரும் இல்லை. சங்கீத ரீச்சர்மாரில் பிழை சொல்லமாட்டேன். அவர்களும் விடிய ஐந்தரைக்கே வீட்டால் வெளிக்கிட்டு, யாழ்ப்பாண நகரத்தைத் தீவோடு இணைக்கும் பண்ணைப் பாலம் கடந்து என்னோடு ஒரே பஸ்ஸில்தான் வருகிறார்கள். பிழை எண்ணுகிற முறையில் இருக்கிறது. பிள்ளைகளின் தொகையைப் பார்த்துத்தான் ஆசிரியர் தொகையைத் தீர்மானிக்கிறார்கள். தீவுப் பக்கம் சனம் குறையக் குறைய எங்கள் வரவு இடாப்பும் மெலிகிறது. ஆனால் வகுப்பில் பதினான்கு பிள்ளை இருந்தால் என்ன, நாற்பது இருந்தால் என்ன, கணிதத்துக்கு அதே ஐந்து பாடவேளை வேண்டுமே. பதினோராம் தர முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் எல்லாரும் கட்டாயம் எழுதவேண்டிய ஆறு பாடங்களில் அதுவும் ஒன்று.

நகரத்துத் தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழ், நாங்கள் மாகாணத்தின் கீழ். அதனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் கணித ஆசிரியர் கூடுதலாக இருந்தாலும் வலயக் கல்வி அலுவலகத்தால் ஒருவரைத் தூக்கி இங்கே விட முடியாது.

சரி, கணிதத்தையாவது எப்படியும் சமாளிக்கலாம். எனக்கு நெஞ்சில் கிடப்பது வேறு. ஆறாம் தரத்தில் ஒரு பெடியன், இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். பின்னக் கணக்கைப் பலகையில் எழுதினால் பிழையில்லாமல் செய்வான். அதையே ‘ஒரு தோடம்பழத்தை நான்கு பேர் பங்கிட்டால்’ என்று வசனமாகக் கொடுத்தால் ‘தோ’விலேயே நின்றுவிடுவான். விசேட கல்வி அலகு எங்கள் பாடசாலையில் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு நேரசூசியில் ஒரு பெட்டியும் கிடையாது. அதனால் செவ்வாயும் வியாழனும் என்னுடைய ஓய்வுப் பாடவேளையில் அவனை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் வாசிக்கப் பழக்கினேன். இரண்டு கிழமையில் ‘தோடம்பழம்’ முழுச்சொல்லாக வந்தது. அன்றைக்கு அதை மூன்று தரம் திருப்பித் திருப்பி வாசித்தான்.

இந்தக் கிழமை அந்த இரண்டு பாடவேளையும் எனக்கு றிலீவ், ஆசிரியர் இல்லாத வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எட்டாம் தரத்தில் கணிதத்துக்கு ஆள் இல்லை, பிள்ளைகளைச் சத்தம் போடாமல் வைத்திருக்க வேண்டும். வியாழன் அவன் கதவடியில் வந்து நின்றான், கையில் வாசிப்புப் புத்தகம்.

“இண்டைக்கும் இல்லையோ ரீச்சர்?”

கடைசி வாங்கில் ஒரு இடம் ஒதுக்கி அவனை இருத்தினேன். எட்டாம் தரத்தின் சத்தத்துக்குள் அவன் விரல் வைத்து வாசித்தது எனக்குக் கேட்கவில்லை.