வாட்டர்பெர்க் அடிவாரத்தில்

ஆகஸ்ட் 22, 2024
நமீபியாவின் விண்ட்ஹூக் விமான நிலையத்தில் வேட்டைத் துப்பாக்கிக்குத் தற்காலிக அனுமதி வாங்கவே அரைப் பகல் போய்விட்டது. கையெழுத்துப் போடும்போது மாமனார் வலக்கை மணிக்கட்டை இடக்கையால் பிடித்துக்கொண்டார். என் கணவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆகஸ்ட் 23
வழியெல்லாம் வெந்த மண், முள்மரம், வேலி. மே மாதமே வறட்சிக்காக நாடு முழுவதும் அவசர நிலை அறிவித்துவிட்டார்கள். பண்ணைக்காரர் மாடுகளில் பாதிக்கு மேல் விற்றுவிட்டாராம். வேட்டைக்கு வருகிறவர்கள் தரும் பணத்தில்தான் மிச்ச மாடுகளுக்குத் தீவனம் என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. பெட்டியை இறக்குவதற்குள் அவராகவே சொல்லிவிட்டார். வருகிறவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

மாமனாருக்குக் குடு மான் வேண்டும். முறுக்குக் கொம்புள்ள கிழட்டு ஆண். வேறு எதுவும் வேண்டாமாம். இந்த நாடு 1990-ல் விடுதலை பெறுவதற்கு முன், இவரைச் சிறுவனாக இங்கே அழைத்து வந்தபோதும் அதைத்தான் தேடினாராம்.

ஆகஸ்ட் 24
குறிபார்க்கும் பயிற்சி. மேசையில் வைத்துச் சுட்டால் அட்டையின் நடுவில் படுகிறது. முக்காலிக் கம்பில் தாங்கி நின்றபடி சுட்டால் அட்டையிலேயே படவில்லை. உதைப்பு குறைந்த சிறிய ரைஃபிள் தரலாமே என்று கேட்டேன். குடுவுக்குக் குறைந்தது 2,700 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும் என்பது சட்டம் என்றார் வழிகாட்டி. “நான் சுடட்டுமா அப்பா?” என்று இவர் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 25
நாளெல்லாம் நடந்தார்கள். காட்டுப்பன்றிகள்தான்.

ஆகஸ்ட் 26
இதை எழுதும்போதும் நெஞ்சு படபடக்கிறது. மதியம் ஆண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியருகே ஒரு குடு நின்றது. கொம்பில் இரண்டரை முறுக்கு. அதன் எதிரே என் மகன், உள்ளங்கையில் ஆரஞ்சுத் தோலுடன்.

சமையற்காரப் பெண் போட்ட சத்தத்தில்தான் நான் வெளியே ஓடினேன். மனிதரைக் கண்டு ஓடாத குடு என்றால் இங்கே எல்லோருக்கும் வெறிநாய்க்கடி நோய்தான் நினைவுக்கு வருகிறது. 1970-களின் கடைசியில் பெருவாரியாகப் பரவி ஆயிரக்கணக்கில் குடுக்களைக் கொன்றதாம். எச்சில் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுமாம். பண்ணைக்காரர் சுட்டார். தலை பரிசோதனைக்கு, உடல் நெருப்புக்கு. இவ்வளவு இறைச்சி எரிவதை வேலைக்காரர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொம்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று மாமனார் கேட்டார்.

மகனின் கையைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். நாக்கு படவே இல்லை என்கிறான்.

ஆகஸ்ட் 27
ஒச்சிவாரோங்கோ நகரத்துக்குப் போய் முதல் ஊசி போட்டாயிற்று. திரும்பும் வழியில், “பட்டது போலவும் இருந்தது” என்கிறான்.

ஆகஸ்ட் 28
வறட்சி நிவாரணத்துக்காக 83 யானைகள் உட்பட 723 காட்டு விலங்குகளைச் சுட்டு இறைச்சியை மக்களுக்குத் தரப்போகிறது அரசு. இரவெல்லாம் மேசையில் அதே பேச்சு. ஐரோப்பாவில் கூச்சல் போடுகிறவர்கள் இங்கே வந்து ஒரு மாதம் வாழட்டும் என்றார் பண்ணைக்காரர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கொம்பின் நீளத்தை அங்குலத்தில் அளக்கிற மேசையில் உட்கார்ந்து அதைக் கேட்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

தடம் பார்ப்பவர் ஹெரேரோ இனத்தவர். 1904 ஆகஸ்டில் இந்த வாட்டர்பெர்க் மலையடியில் ஜெர்மன் படை அவர் இனத்தாருக்குச் செய்ததைப் பற்றி மகன் அவரிடமே கேட்டுவிட்டானாம். பள்ளியில் படித்திருக்கிறான். அவர் கிழக்கே கைகாட்டினாராம். அந்தப் பக்கம்தான் ஒமாஹெகே. தப்பியவர்களைத் தண்ணீரில்லாத அந்த வெளிக்குத்தான் துரத்தினார்கள். மாமனாரும் அருகில் இருந்தாராம், துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு.

பரிசோதனை முடிவு வரவில்லை.

ஆகஸ்ட் 29
குடு வேண்டாம், ஓரிக்ஸ் மான் போதும் என்று மாமனாரே இறங்கிவந்தார். கிழட்டுப் பெண் ஓரிக்ஸ். பெண்ணுக்குத்தான் கொம்பு நீளம் என்று காலையில் மகன் எனக்குப் பாடம் நடத்தினான். ஓரிக்ஸின் இதயம் மிகவும் கீழே இருக்கும், தாழ்த்திச் சுடுங்கள் என்று வழிகாட்டி பலமுறை சொன்னாராம். குண்டு மேலே போய்விட்டது. பட்ட விலங்கு ஓடிவிட்டது. இருட்டும்வரை இரத்தத் தடத்தின் பின்னால் போனார்கள். ஒரு துளி விழுந்தாலும் முழுப்பணம் கட்ட வேண்டும் என்பது பண்ணைகளில் வழக்கமான விதி. பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமனார் சூப்பைக்கூடத் தொடவில்லை. அந்தக் கையை மடியில் துண்டால் மூடி வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 30
விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். மாமனாரை விட்டுவிட்டு. மகனை அழைத்துக்கொண்டு! இன்று அவனுக்கு இரண்டாவது ஊசி. இவருக்கு நேற்று இரவு இருமுறை சொன்னேன். தாத்தா சுட்டதைப் பேரன் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று மாமனார்தான் அனுப்பிவைத்தாராம். பதினோரு மணி. வானொலிக் கருவியில் இரைச்சல்தான் வருகிறது. மருத்துவமனையில் பன்னிரண்டரை வரைதான் ஊசி போடுவார்கள். பண்ணைக்காரரின் மனைவியிடம் இன்னொரு வண்டியின் சாவியைக் கேட்டிருக்கிறேன். நானும் வருகிறேன், தடம் போகும் திசை எனக்குத்தான் தெரியும் என்று மாமனார் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கிறார், அதில் கால் மணி நேரம் போய்விட்டது, நானே கட்டிவிட