சத்தம் போடாத படுக்கை

ட்யூபைப் பிடுங்குகிறவர், கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறவர், "போலீஸைக் கூப்பிடு" என்று கத்துகிறவர். இவர்களுக்கு ஏதோ குழப்பம் என்று சொல்ல ஐசியு நர்ஸ் தேவையில்லை, வாசலில் நிற்கும் செக்யூரிட்டியே சொல்லிவிடுவார். ஆனால் டெலிரியம், அதாவது நோயின்போது திடீரென்று வரும் மனக்குழப்பம், சத்தமில்லாமலும் வரும். அதனால் எனக்குப் பயம் அமைதியாகக் கிடப்பவர்களிடம்தான். ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவரில் "தொந்தரவே இல்ல, நல்ல கோஆபரேட்டிவ்" என்று வந்தால் அந்தப் படுக்கைக்குத்தான் முதலில் போவேன்.

நிமோனியாவோடு வந்த ஒரு பெரியவர் அப்படித்தான் இருந்தார். வென்டிலேட்டரிலிருந்து எடுத்தாகிவிட்டது. பெயர் கேட்டால் சொன்னார். "வலி இருக்கா ஐயா?" "ம்." "தூங்கினீங்களா?" "ம்." எதைக் கேட்டாலும் அதே "ம்". விரல்கள் மட்டும் போர்வை ஓரத்தில் இல்லாத எதையோ பொறுக்கிக்கொண்டே இருந்தன.

டெலிரியத்தில் முதலில் போவது கவனம். அதைச் சோதிக்க 2001-இல் அமெரிக்காவில் வெஸ்லி ஈலி குழுவினர் வெளியிட்ட கேம்-ஐசியு முறை இருக்கிறது. பத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், 'ஏ' வரும்போது மட்டும் நோயாளி நம் கையை அழுத்த வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு நாங்கள் எண்களைச் சொல்கிறோம்: "ஒண்ணுன்னு சொன்னா மட்டும் கையை அழுத்துங்க." இரண்டுக்கு மேல் தப்பினால் கவனம் நிற்கவில்லை என்று கணக்கு. பெரியவர் முதல் 'ஒண்ணு'க்கு அழுத்தினார். பிறகு கண் ஏசி பக்கம் போய்விட்டது, கை என் கைக்குள் சும்மா கிடந்தது.

கூப்பிட்டால் விழித்துவிட்டு மறுபடி சொக்கினார். விழிப்பை அளக்கும் ராஸ் அளவில் மைனஸ் 1 (அமைதியான முழு விழிப்பு என்றால் 0). விழிப்பே குறைந்திருந்ததால், யோசனை சீராக இருக்கிறதா என்று பார்க்கக் கேட்கும் "கல்லு தண்ணியில மிதக்குமா?" என்ற கேள்விக்கெல்லாம் அவசியம் வரவில்லை. (அதைக் கேட்டால் பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர்களுக்குக் கோபம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.)

திடீர் மாற்றமா, முன்பே இப்படித்தானா என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. விசிட்டிங் நேரத்தில் அவர் மனைவி சொன்னார்: "பால்காரனுக்குக் காசு குடுத்தியான்னு தினமும் உசிரை வாங்குவார் சிஸ்டர். இன்னிக்கு என்னையே யாரோ மாதிரி பாக்குறார்."

டாக்டரிடம் சொன்னோம். தூக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்த மிடாசோலம் நின்றது, சோடியமும் ஆக்ஸிஜனும் மறுபடி பார்க்கப்பட்டன. அட்மிஷன் அன்று வீட்டாரிடம் கொடுத்தனுப்பிய கண்ணாடியும் காது மெஷினும் அன்று மாலையே திரும்பி வந்தன. அவர் காலையில் தெளிவாக இருந்து ராத்திரி மறுபடி குழம்பினார், டெலிரியம் அப்படித்தான் ஏறி இறங்கும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் சோதிக்கச் சொல்வது அதனால்தான். வேலை குவிகிற நாளில் முதலில் விட்டுப்போவதும் இதுதான். இதற்கென்று அலாரம் அடிக்கிற மானிட்டர் எதுவும் இல்லையே.