அறுபது போல்ட்டும் ஒரு பாக்கெட் கேபிள் டையும்: இறுதியாண்டு புராஜெக்டில் பட்ட பாடு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டம். மரத்தடியில் உதிரிப் பழத்தைக் குனிந்து குனிந்து பொறுக்கியே இடுப்பு போனவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். டிப்ளோமா இறுதியாண்டில் அதைப் பொறுக்கும் தள்ளுவண்டி ஒன்றைச் சாலிட்வர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைக்க எடுத்துக்கொண்டேன். சட்டம், உருளை, மோட்டார் எல்லாம் இரண்டே வாரத்தில் முடிந்தன. உயிரை வாங்கியது போல்ட்டும் கேபிள் டையும்தான். அடுத்து புராஜெக்ட் எடுக்கப்போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் மரை. எம்6 (6 மி.மீ. விட்டம்) போல்ட்டுக்கு 1 மி.மீ. பிட்ச்சில், அதாவது சுற்றுக்குச் சுற்று அந்த இடைவெளியில், ஹெலிக்ஸ் என்ற சுருள்கோடு போட்டு, மரையை நிஜமாகவே வெட்டினேன். ஒன்றே ஒன்றாக இருந்தபோது அழகுதான். அறுபதை வைத்ததும் வண்டியைத் திருப்பிப் பார்க்கவே லேப்டாப்புக்கு மூச்சு வாங்கியது. மரையை 3டி பிரிண்ட் எடுக்கப்போவதில்லை என்றால் காஸ்மெட்டிக் த்ரெட், அதாவது வெட்டாமல் அடையாளத்துக்கு மட்டும் காட்டும் மரை, போதும். துளைகளை, துளை போடுவதற்கென்றே உள்ள ஹோல் விசார்டில் போடுங்கள். எம்6 ஊடே போக 6.6 மி.மீ. துளை, மரை வெட்ட டிரில் 5.0 மி.மீ. என்ற கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். துளைகள் பேட்டர்னாக (ஒரே துளையின் வரிசை நகல்களாக) இருந்தால் ஒரு போல்ட்டை மட்டும் மேட் செய்துவிட்டு (துளையோடு பொருத்திவிட்டு), மீதியை அதே வரிசையைப் பின்பற்றும் பேட்டர்ன் டிரிவனில் நிரப்பலாம். நான் அறுபதையும் கையால் மேட் செய்த ஆள்.

வெறுத்துப்போய் ஒரு கட்டத்தில் போல்ட் எல்லாவற்றையும் சப்ரஸ் செய்து, மாடலில் இல்லாதது போல் அணைத்துவிட்டேன். அங்கேதான் மாமாவிடம் மாட்டினேன். அவர் செம்பனை ஆலையில் இயந்திரங்களைப் பொருத்திப் பழுது பார்க்கும் பிட்டர். திரையில் மோட்டார் தாங்கியைத் தொட்டு, "தம்பி, இந்த எடத்துல போல்ட்டு வச்சா சாக்கெட் எப்படிடா எறங்கும்?" என்றார். துளை மையத்திலிருந்து பக்கத் தகட்டுக்கு 7 மி.மீ. விட்டிருந்தேன். எம்6 அறுகோணத் தலை பக்கத்துக்குப் பக்கம் 10, மூலைக்கு மூலை 11 சொச்சம். தலை தாராளமாக உட்காருமே என்றேன். அவர் பதில் சொல்லாமல் தன் பெட்டியிலிருந்து 10ஆம் நம்பர் சாக்கெட்டை (போல்ட் தலைக்கு மேல் மாட்டி முறுக்கும் சாவி) எடுத்து மேசையில் வைத்தார். கேலிப்பரில் அளந்தால் வெளிவிட்டம் 15. பாதி ஏழரை. அரை மில்லி இடிக்கிறது! தலைக்குள் அறுகோணக் குழி உள்ள ஆலன் போல்ட்டுக்கு மாற்றினேன். அதன் தலை விட்டமும் 10தான், ஆனால் 5ஆம் நம்பர் ஆலன் கீ மேலிருந்து நேரே தலைக்குள்ளேயே இறங்கிவிடும். போல்ட்டை மாடலில் வைப்பதே இந்த மாதிரி இடிப்பைப் பிடிக்கத்தான். அதற்கு மரை தேவையில்லை, தலை போதும்.

கேபிள் டையும் அப்படியே. பட்டையில் பல் பல்லாக வரைந்து நேரத்தைக் கொல்லாதீர்கள். வயர்க் கட்டைச் சுற்றி 4.8 மி.மீ. அகலத்தில் ஒரு மூடிய வளையம், பூட்டுத் தலைக்கு ஒரு சின்னக் கட்டை, வெட்டிய வாலுக்கு ஒரு துண்டு. அந்தக் கட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள், செயின் வந்து உரசுவது முதலில் அதில்தான். கட்டு விட்டம் 8, 12, 20 என்று ஒரே கோப்பில் மூன்று கான்பிகரேஷன் (அளவு வகை) வைத்தேன். மூன்றுக்கும் பி.ஓ.எம்.மில் (உதிரிப் பாகப் பட்டியலில்) ஒரே பார்ட் நம்பர். கடையில் வாங்கப்போவது ஒரே பாக்கெட்தானே.

கடைசியாக, வகுப்பில் புராஜெக்டைப் படைக்கும் நாள். லேப் கணினியில் கோப்பைத் திறந்தால் டூல்பாக்ஸ் என்ற சாலிட்வர்க்ஸின் தயார் உதிரித் தொகுப்பிலிருந்து எடுத்த போல்ட் எல்லாம் பூசணிக்காய் அளவுக்கு ஊதிக் கிடந்தன. அவற்றின் அளவு விவரம் என் லேப்டாப்பின் டூல்பாக்ஸ் கோப்புறையிலேயே தங்கிவிட்டது. பென்டிரைவில் வந்தது வண்டி மட்டும். "இது வண்டிக்குப் போல்ட்டா, கப்பலுக்கா?" என்று விரிவுரையாளர் மலாயில் கேட்க, வகுப்பே சிரித்தது. பேக் அண்ட் கோ (கோப்புகளை ஒன்றாகக் கட்டி எடுக்கும் வசதி) செய்யும்போது டூல்பாக்ஸ் உதிரிகளையும் சேர்க்கச் சொல்லி ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டுவிட்டு, முதல் நாளே வேறொரு கணினியில் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.